நான்கு ஆண்டு உழைத்த கைபேசியும் பதினோரு நாள் தேடிய திரையும்

2021-இல் 13,499 ரூபாய்க்கு வாங்கிய என் கைபேசியின் திரையைச் சென்ற வாரம் 3,200 ரூபாய் கொடுத்து மாற்றினேன். பணம் போனதில் வருத்தமில்லை; அந்தத் திரையைத் தேடி அலைந்த பதினோரு நாட்களைத்தான் மன்னிக்க முடியவில்லை.

சர்வீஸ் சென்டரில், "இந்த மாடலுக்குப் பார்ட்ஸ் வருவது நின்றுவிட்டது சார், புதியதைப் பாருங்கள்" என்றார்கள். சென்னை ரிச்சி தெருவில் ஏறி இறங்கிய கடைகளில் ஒன்றில்தான் காரணம் விளங்கியது. என் மாடலின் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி அதே ஆண்டில் மேலும் மூன்று கைபேசிகள் வந்திருக்கின்றன. ஒன்றின் திரை மற்றொன்றுக்குப் பொருந்தாது. எதை வாங்கி இருப்பு வைப்பது என்று கடைக்காரர் என்னையே கேட்டார்.

இந்த மாடல் வெள்ளத்துக்குச் சந்தைப் பங்குப் போட்டியே, அதாவது மொத்த விற்பனையில் யாருக்கு எத்தனை சதவீதம் என்ற போட்டியே, காரணம் என்பது என் கணிப்பு. ஆண்டுக்குச் சுமார் 15 கோடி ஸ்மார்ட்போன்கள் இறங்கும் இந்தியச் சந்தையில் முதலிடம் யாரிடமும் நிலைப்பதில்லை: 2017 இறுதியில் சாம்சங்கை ஷாவ்மி முந்தியது, 2022 இறுதியில் சாம்சங் அதை மீட்டது, 2024-இல் விவோ முன்னே வந்தது. ஒரு காலத்தில் சாம்சங்கோடு மல்லுக்கட்டிய மைக்ரோமேக்ஸ் எங்கே போயிற்று என்பது எல்லோருக்கும் தெரியும். என் கைபேசியைத் தயாரித்த நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். ஓடுகிறவர்களில் அதுவும் ஒன்று, அவ்வளவுதான். இந்தச் சந்தைப் பங்கை ஆய்வு நிறுவனங்கள் பெரும்பாலும் காலாண்டுதோறும் கடைகளுக்கு அனுப்பப்பட்ட கருவிகளை வைத்தே கணக்கிடுகின்றன. ஆகவே பெட்டி கிடங்கை விட்டுக் கிளம்பிய அன்றே நான் எண்ணப்பட்டுவிட்டேன். அதன்பின் நான்கு ஆண்டுகள் அதை வைத்திருந்ததும், பழுது பார்த்ததும் எந்தப் பட்டியலிலும் ஏறாது. ஐரோப்பிய ஒன்றியத்திலோ 2025 ஜூன் 20 முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, ஒரு மாடலின் விற்பனை நின்றபின்னும் ஏழு ஆண்டுகளுக்குத் திரை போன்ற உதிரிபாகங்கள் கிடைத்தாக வேண்டும், அதுவும் பத்து வேலைநாட்களுக்குள். சட்டம் கேட்டால் தர முடிகிறதல்லவா?

நியாயமாகச் சொன்னால் கருவியின்மேல் எனக்குக் குறையே இல்லை. பேட்டரி இன்றும் காலையிலிருந்து இரவு எட்டு மணி வரை தாங்குகிறது. இருமுறை மாடிப்படியில் உருண்டும் ஸ்பீக்கர் ஒலி கரகரக்கவில்லை. இந்த விலைக்கு இவ்வளவு கிடைத்ததும் நான் திட்டிக்கொண்டிருக்கும் அதே போட்டியால்தான் என்பதை மறுக்க மாட்டேன்.

ஆனாலும், அந்நிறுவனத்தின் புதிய மாடல் இரண்டாயிரம் ரூபாய் குறைந்திருக்கிறது, வாங்கலாமா என்று கேட்ட நண்பருக்கு வேண்டாம் என்றே பதில் எழுதினேன். வாங்கியே தீருவேன் என்றால், டெம்பர்ட் கிளாஸையும் பேக் கவரையும் அன்றைக்கே நான்கு நான்காக வாங்கி வைத்துக்கொள்ளட்டும். அடுத்த தீபாவளிக்கு அவை எந்தக் கடையிலும் இருக்காது.