1100-இல் மனுவா, ஆன்லைனில் ஆர்டிஐயா?

சென்னிமலைப் பக்கம் எங்கள் ஊரில் சாக்கடை வேலை பாதியில் நின்றதிலிருந்து பலரும் கேட்பது இதுதான்: "ஏனுங்க, முதல்வர் உதவி மையத்துக்கு (1100) மனு போடலாமா, தகவல் உரிமைச் சட்டத்தில் (ஆர்டிஐ) கேட்கலாமா?" இரண்டையும் போனிலேயே செய்யலாம்.

செலவு
மனு: ஒன்றுமில்லை.
ஆர்டிஐ: 10 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அதுவும் கிடையாது.

எளிமை
மனு: இணையத்தில் பதியலாம், 1100-ஐ அழைத்துச் சொன்னாலும் போதும். எழுத வராத அம்மாயிகூடச் செய்துவிடலாம்.
ஆர்டிஐ: கேள்வியை யோசித்து எழுத வேண்டும். "ஏன் செய்யவில்லை?" என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. வேலை உத்தரவு, அளவுப் புத்தகம் (செய்த வேலையின் அளவைக் குறித்துவைக்கும் பதிவேடு), பில் ஆகியவற்றின் நகல் கேளுங்கள். எதற்காகக் கேட்கிறோம் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை.

பிடி
மனு: எங்கள் மனுவை 'நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்று முடித்துவிட்டார்கள், சாக்கடை அப்படியே கிடந்தது. மனசு நொந்துபோனது.
ஆர்டிஐ: 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு, அப்புறம் மாநிலத் தகவல் ஆணையம். காரணமின்றித் தாமதித்த அலுவலருக்கு ஆணையம் நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். இந்தப் பலத்துக்காகவே எனக்கு ஆர்டிஐ மேல் நம்பிக்கை அதிகம்.

தெருவிளக்கு எரியவில்லை, குடிநீர் வரவில்லை என்றால் மனுவே சரி. ஒதுக்கிய பணம் எங்கே போனது என்று தெரிய வேண்டுமா? ஆர்டிஐ போடுங்கள். கிடைத்த நகல்களை அக்டோபர் 2 கிராமசபைக்குக் கையோடு கொண்டுபோங்கள்.