அடி வாங்கிய இரும்பு: டெர்மினேட்டர் ஆறு பாகங்களும் நீண்ட நாள் பார்வையில்

கீழக்கரைத் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணே, டெர்மினேட்டர் டிஸ்க் எல்லாம் விலை இறங்கியிருக்கு. ஆறையும் மொத்தமா வாங்கிரவா, இல்ல ரெண்டோட நிறுத்திக்கிறவா?"

ரெண்டோடு நிறுத்து என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அதற்கு அவர்கள் சொல்லும் காரணம் எனக்கு ஒப்பவில்லை. முதல் இரண்டையும் இயக்கிய ஜேம்ஸ் கேமரூன் விலகினார், கதை கெட்டது என்பார்கள். கதை கெட்டது பிறகுதான். அதற்கு முன்னால் கெட்டது இரும்பு.

எதிர்காலத்திலிருந்து மனிதத் தோல் போர்த்தி வரும் கொலை இயந்திரத்தின் கதையும், அதாக நடித்த ஆர்னால்டும் எல்லாருக்கும் தெரிந்ததால் அதற்குள் போகவில்லை. இந்தத் தொடரை நான் பார்ப்பது ஒரே கணக்கை வைத்து: ஒரு காட்சியில் அடி வாங்கிய இயந்திரம் அடுத்த காட்சியில் அந்த அடியோடு வருகிறதா? பாம்பன் பாலத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வியை விளக்க வேண்டியதில்லை. 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்தில் அரிப்பின் காரணமாக 2022 டிசம்பரில் ரயில் நின்றது. இரும்பு பட்டதை மறக்காது. முதல் இரண்டு படங்களும் இதைத் தெரிந்துகொண்டு எடுக்கப்பட்டவை.

1984-ல் வந்த முதல் படத்தை வரிசையாகக் கவனியுங்கள். இரவு விடுதிக்குப் பின்னால் கார் வெடித்துத் தீப்பிடித்ததும் இயந்திரத்தின் புருவம் போகிறது, முடி கருகுகிறது. அதற்குப் பிறகு படம் முடியும் வரை அந்தப் புருவம் திரும்பி வருவதில்லை. துரத்தலில் கார் சுவரில் மோதியபின் அறைக்குத் திரும்பி, மணிக்கட்டுக்கு மேலே தோலைக் கத்தியால் கீறித் திறக்கிறது. உள்ளே தண்டு முன்னும் பின்னும் நகர, வெளியே விரல்கள் மடங்கி விரிகின்றன. அடுத்து சிதைந்த கண்ணைக் குடைந்து எடுக்கிறது. கறுப்புக் கண்ணாடி அதன்பிறகுதான் மூக்கில் ஏறுகிறது, அதுவும் புண்ணை மறைக்க. அந்தத் தலை சிறப்பு ஒப்பனைக் கலைஞர் ஸ்டான் வின்ஸ்டன் குழு செய்த பொம்மைத் தலை, ரப்பர் என்று இன்று யாருக்கும் தெரியும். எனக்கு அது குறையே இல்லை. அந்தக் காட்சியில் பழுதுபார்க்கும் வேலை நடக்கிறது. எந்த லேத் பட்டறையில் வேலை பார்ப்பவரும் அதை ஒப்புக்கொள்வார்.

கடைசியில் டேங்கர் லாரி அடித்து இழுத்துப்போனதும் ஒரு கால் இழுக்க ஆரம்பிக்கிறது. தோல் முழுக்க எரிந்து எலும்புக்கூடு எழுந்தபின்னும் அதே நொண்டல். முழு எலும்புக்கூடும் நடக்கும் காட்சிகளை ஒவ்வொரு பிரேமாக பொம்மையை நகர்த்தி எடுத்திருக்கிறார்கள். அந்த முறையில் வரும் திக்கல், நொண்டலோடு சேர்ந்து, பழுதான இயந்திரத்தின் திக்கலாகவே தெரிகிறது. படத்தின் மொத்தச் செலவு சுமார் 64 லட்சம் டாலர். பணம் இல்லாததால் வந்த குறையைக் கதைக்கு உதவும்படி வைத்தது பெரிய கெட்டிக்காரத்தனம். இசையமைப்பாளர் பிராட் ஃபீடலின் அந்த 'டங், டங்' சத்தமும் இரும்பு வாணலியை அடித்துப் பதிவு செய்தது. படம் முழுக்க இரும்பு.

இந்தப் படத்துக்கு டிஸ்க் வாங்கும்போது ஒன்றைப் பாருங்கள். படம் வெளியானது மோனோ, அதாவது ஒரே தட ஒலியில். பிறகு வந்த, பல ஸ்பீக்கர்களுக்கான 5.1 ஒலித்தடத்தில் துப்பாக்கிச் சத்தங்களைப் புதிதாக மாற்றிவிட்டார்கள். பழைய சத்தத்தில் இருந்த கனம் புதியதில் இல்லை. மெனுவில் மோனோ இருந்தால் தயங்காமல் அதைப் போடுங்கள். பெரிய ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன்.

இரண்டாம் பாகம், 1991. இதில்தான் சொல்ல நிறைய இருக்கிறது. திரையரங்கில் வந்தது 137 நிமிடம், பிறகு வந்த நீட்டித்த பதிப்பு 153 நிமிடம். நீட்டித்ததைப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் கதையில் கூடுதலாக வரும் கனவுக் காட்சியோ பாசமோ இல்லை. அவை வேகத்தைக் குறைக்கத்தான் செய்கின்றன. காரணம் டி-1000 என்ற திரவ உலோக எதிரிக்கு வரும் பழுது.

திரவ நைட்ரஜனில் உறைந்து, ஒரே குண்டில் நொறுங்கி, உருக்காலைச் சூட்டில் உருகி அது மறுபடி எழுகிறது. 137 நிமிடப் படத்தில் அதற்குப்பின் அதற்கு எந்தக் குறையும் தெரியாது. முன்பு எப்படி ஓடியதோ அப்படியே ஓடும். 153 நிமிடப் பதிப்பில் கதை வேறு. கம்பியைப் பிடித்தால் கை ஒட்டிக்கொள்கிறது, விடுவித்தால் கம்பியின் மஞ்சள் கறுப்புப் பட்டை கையில் ஏறியிருக்கிறது. நடந்தால் பாதம் தரையின் வடிவத்தோடு கரைகிறது. சிறுவன் ஜானின் அம்மா சேராவின் உருவத்தில் அது வந்து நிற்கும்போது ஜான் நிஜ அம்மாவைக் கண்டுபிடிப்பதும் இந்தக் காலைப் பார்த்துத்தான். இதை வெட்டியதால் போனது ஒரு நிமிடத்துக்கும் குறைவான காட்சிகள்தான், ஆனால் எதிரி தோற்பதற்கான காரணத்தில் பாதி அதோடு போய்விட்டது.

ஆர்னால்டின் இயந்திரத்துக்கும் கணக்கு ஒழுங்காக ஓடுகிறது. ஒரு கை ராட்சதப் பல்சக்கரத்தில் சிக்கி, அதைப் பிய்த்துக்கொண்டு வருகிறது. கம்பியால் குத்தப்பட்டு அணைந்து, மாற்று மின்வழி தேடி மறுபடி எரிகிறது. எழுந்தபின் முன்பிருந்த பலம் இல்லை. மூளைச் சில்லை வெளியே எடுக்கும் காட்சியும் 153 நிமிடப் பதிப்பில்தான் உண்டு. அங்கே கண்ணாடி போலத் தெரிவது கண்ணாடி அல்ல, வெறும் திறப்பு. இந்தப் பக்கம் பொம்மைத் தலை, அந்தப் பக்கம் நிஜ ஆர்னால்ட். இந்தப் பக்கத்து வேலையை, சேராவாக நடித்த லிண்டா ஹாமில்டனின் இரட்டைச் சகோதரி செய்ய, அந்தப் பக்கம் லிண்டா அதே அசைவைத் திருப்பிச் செய்கிறார். இயந்திரம் கற்றுக்கொள்ள அனுமதி கிடைப்பது அந்தக் காட்சியில்தான், அது இல்லாமல் பின்னால் வரும் மாற்றங்களுக்கு அடித்தளம் இல்லை.

கணினி வரைகலை என்று பேசுகிறோம். இதில் கணினியில் செய்த டி-1000 மொத்தம் சுமார் 5 நிமிடம்தான். அதாக நடித்த ராபர்ட் பேட்ரிக்கின் நெஞ்சில் குண்டு பட்டதும் வெள்ளிப்பூ மாதிரி விரியும் காயங்கள், உலோகப் பூச்சுக் கொடுத்த நுரை ரப்பர். சட்டைக்குள் மடக்கி வைத்து ஸ்பிரிங்கால் விரியவிட்டது. அதனால்தான் துணி கிழிவதும் நிஜம், நிழல் விழுவதும் நிஜம்.

இவ்வளவு அருமையான படத்தை 4கே டிஸ்க்கில் கெடுத்து வைத்திருக்கிறார்கள் என்பதுதான் தீராத எரிச்சல். 2017-ல் 3டி வெளியீட்டுக்காகத் துடைத்துச் சுத்தம் செய்த பிரதியிலிருந்துதான் அந்த 4கே டிஸ்க்கும் வந்தது. பிலிமுக்கே உரிய பொடித்துகள் முழுக்கப் போய், முகங்கள் மெழுகாகிவிட்டன. லிண்டா ஹாமில்டனின் முகத்தில் வியர்வையும் சுருக்கமும் சேர்ந்துதான் அந்தக் கதாபாத்திரம், அதைத் தேய்த்து வழித்துவிட்டார்கள். தோலுக்கு அடியில் இரும்பு இருக்கிறது என்பதைச் சொல்லும் படத்தில் தோல் தோலாகத் தெரியவேண்டாமா? பழைய புளூரே இதைவிட எவ்வளவோ மேல்.

டிவியின் அமைப்புகளும் இதே அநியாயத்தைச் செய்யும். அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணைத்தே ஆகவேண்டும். சாம்சங்கில் ஆட்டோ மோஷன் பிளஸ், சோனியில் மோஷன்ஃப்ளோ, எல்ஜியில் ட்ரூமோஷன் என்று பெயர். அது எரிந்துகொண்டிருந்தால் நொடிக்கு 24 பிரேம் படம் மெகா சீரியல் மாதிரி ஆகிவிடும், இயந்திரத்தின் நடைக்கு எடையே இருக்காது. ஷார்ப்னெஸ்ஸையும் முடிந்தவரை குறையுங்கள்.

நம் கடற்கரைக்கு மட்டும் உள்ள ஒன்று. அதைவிடக் குறைந்த துல்லியமான 1080-ல் ஒழுங்காக ஓடும் பிளேயர் அதிகத் துல்லியமான 4கே போட்டால் மட்டும் ஒரு நொடி கறுத்துத் திரும்பினாலோ வெள்ளைப் புள்ளிகள் தெறித்தாலோ, டிஸ்க் கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்பவேண்டாம். 4கே-க்கு, பிளேயரையும் டிவியையும் இணைக்கும் எச்டிஎம்ஐ கேபிள் வழியே போகவேண்டிய தகவல் பல மடங்கு அதிகம். சொருகியில் மெல்லிய உப்புப் படலமோ பச்சையோ இருந்தாலும் முதலில் தடுமாறுவது அதுதான். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது ஜன்னல் பக்கம் டிவி இருக்கும் வீடுகளில் இது வரும். மின்சாரத்தைத் துண்டித்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் கேபிள் முனையைத் துடைத்து, நன்றாகக் காயவிட்டுச் சொருகுங்கள். சரியாகாவிட்டால் கேபிளை மாற்றுங்கள், டிஸ்க்கை அல்ல. டிஸ்க்கை நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்கவேண்டும், வட்டமாகத் தேய்க்கக்கூடாது. பெட்டியோடு ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு மூடினால் பூஞ்சை வராது.

மூன்றாவது, 2003. கழிவறைச் சண்டையில் பீங்கான் நொறுங்குகிறது, சுவர் இடிகிறது, இரண்டு இயந்திரங்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை. எடை தொலைந்தது இங்கேதான். ஆனால் நியாயமாகச் சொல்லவேண்டும்: இதில் ஆர்னால்டின் இயந்திரத்துக்கு இரண்டு ஹைட்ரஜன் மின்கலம் என்று ஒரு கணக்கு வைக்கிறார்கள். ஒன்று அடிபட்டதும் நெஞ்சைத் திறந்து எடுத்து வெளியே எறிகிறது, அது பெரிதாக வெடிக்கிறது. மிச்சம் ஒன்று. அந்த மிச்சத்தைக் கடைசிச் சண்டை வரை படம் மறக்கவில்லை. கிரேன் லாரித் துரத்தலும் நிஜ வண்டி, நிஜ இடிபாடு. முடிவோ ஆறிலும் துணிச்சலானது. நாயகன் தடுக்கப் போன இடத்தில் தடுப்பதற்கு எதுவுமே இல்லை, பழைய பதுங்கு குழி மட்டும்தான், வெளியே ஏவுகணைகள் கிளம்பிவிட்டன.

நான்காவதில், 2009, டி-600 வகை ரப்பர் தோல் இயந்திரங்கள் அருமை. 1984-ல் எதிர்காலத்திலிருந்து வந்த வீரன் கைல் ரீஸ் ஒரே வசனத்தில் சொல்லிப்போனதை இங்கே கண்ணால் பார்க்கலாம். ஸ்டான் வின்ஸ்டன் 2008-ல் காலமானார், படம் அவருக்குத்தான் காணிக்கை. கடைசியில் டி-800 (ஆர்னால்ட் வகை இயந்திரம்) மேல் உருக்குக் கொட்டுகிறது, அது எழுந்து நடந்து வருகிறது. இரண்டாம் பாகத்தின் முடிவு மாதிரி உருக்கில் முழுக்க மூழ்குவதும் மேலே கொட்டுவதும் ஒன்றல்ல, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நெஞ்சில் குத்துப்பட்ட மனிதனுக்குத் திறந்த வெளியில் கூடாரம் போட்டு இதயமாற்று அறுவைசிகிச்சை செய்வதை ஒப்புக்கொள்ள முடியாது.

ஐந்தாவதுதான் அதிகக் கோபம் தருவது, 2015. வயதான ஆர்னால்டின் கை சில நேரம் சொன்னபடி கேட்பதில்லை, அதை அவர் மறைக்கிறார். இந்த நடுக்கம்தான் படத்தின் ஒரே நிஜம். ஆர்னால்டும் அதை அழகாகச் செய்திருக்கிறார். அதை வைத்தே ஒரு முழுப்படம் எடுத்திருக்கலாம். கடைசியில் என்ன செய்தார்கள்? திரவ உலோகத் தொட்டியில் தள்ளி, கையும் காலும் எல்லாம் புதிதாக்கித் திருப்பித் தந்தார்கள். வில்லன் யார் என்பதை டிரெய்லரிலேயே காட்டியதைக்கூட மன்னிக்கலாம், இதை முடியாது.

ஆறாவது, 2019. கிரேஸ் என்ற வலுவூட்டிய மனிதப்பெண் கொஞ்ச நேரம் அசுர வேகத்தில் சண்டை போடுவாள், பிறகு உடல் சரிந்து மருந்துக்கடையில் விழுவாள். பழைய கணக்கு இவளிடம் மட்டும் மிச்சமிருக்கிறது. எதிரியான ரெவ்-9 கடைசிச் சண்டை வரை எவ்வளவு அடி வாங்கினாலும் புதிதாகவே நிற்கிறது. அணைத் தண்ணீருக்குள் நடக்கும் மோதல் இருட்டு, கலங்கல். சங்கு குளிக்கிறவர்கள் யாரிடமாவது காட்டுங்கள், தண்ணீருக்குள் கையை ஓங்கினால் எவ்வளவு வேகம் மிஞ்சும் என்று அவர்கள் சொல்வார்கள்.

எனவே தம்பிக்கு. ஆறில் சிறந்தது இரண்டாவது, அதில் சந்தேகமே இல்லை. அதை இப்போது வாங்கவேண்டாம். மெழுகு முகத்துக்கு எந்த விலையும் அதிகம்தான். முதலாவதை வாங்கு, கூடவே மூன்றாவதை. இதற்கு ஆள் ஆளுக்குத் திட்டுவார்கள், அந்த மின்கலத்துக்காகவும் பதுங்கு குழிக்காகவும் நான் இதையே சொல்வேன். நாலாவதும் ஆறாவதும் ஓசியில் கிடைத்தால் பார். ஐந்தாவது வேண்டாம். இரண்டாவதின் பழைய புளூரே ராமநாதபுரத்தில் யாரிடமாவது இரவல் கிடைத்தால் விடாதே. அட்டையின் பின்பக்கம் 153 நிமிடம் என்று இருக்கிறதா பார்த்துக்கொள். பி.ஏ.எல். என்ற பழைய டிவி முறையில் வந்த டிவிடி என்றால் நான்கு சதவீதம் வேகமாக ஓடும், அதில் 147 என்று போட்டிருந்தாலும் அதே பதிப்புதான்.