பாஸ்கெட்பால் ரெஃபரன்ஸ்: பாக்ஸ் ஸ்கோர் மட்டும் பார்ப்பவர்களுக்கு

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ ஆட்டங்கள் நம் நேரத்துக்கு விடியற்காலையிலோ காலையிலோதான் நடக்கும், வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் முழுசாக உட்கார்ந்து பார்க்க முடியாது. அதனால் என்னை மாதிரி ஆட்களுக்கு ஆட்டம் என்றாலே பெரும்பாலும் பாக்ஸ் ஸ்கோர்தான், அதாவது யார் எத்தனை ஷாட் போட்டார், எத்தனை பாயின்ட் எடுத்தார் என்கிற எண்களின் அட்டவணை. அதற்கு ஆப்கள் நிறைய இருக்கின்றன, என்பிஏவின் சொந்தத் தளமும் இருக்கிறது. நான் திரும்பத் திரும்பப் போவது பாஸ்கெட்பால் ரெஃபரன்ஸ் என்கிற இணையதளத்துக்குத்தான். பார்க்க ரேஷன் கடைப் பதிவேடு மாதிரி இருக்கும், அழகு எல்லாம் எதிர்பார்க்காதீர்கள். ஆனால் ஒரு டீம் ஏன் தோற்றது என்று அந்த ஒரே பக்கத்தில் தேடிக் கண்டுபிடித்துவிடலாம்.

எல்லோருக்கும் தெரிந்த ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 2016 ஃபைனல்ஸ் (இறுதித் தொடர்), ஏழாவது ஆட்டம், ஓக்லாந்தில் கிளீவ்லாந்து 93, கோல்டன் ஸ்டேட் 89. அந்தப் பக்கத்தைத் திறந்தால் மேலே குவார்ட்டர் வாரியாக ஸ்கோர், பக்கத்திலேயே 'ஃபோர் ஃபாக்டர்ஸ்' என்று ஒரு சின்ன அட்டவணை. டீன் ஆலிவர் என்பவர் வகுத்த கணக்கு அது: ஷாட் எவ்வளவு தேறியது, பந்தை எவ்வளவு தொலைத்தார்கள், தாங்கள் தவறவிட்ட ஷாட்டை எவ்வளவு திரும்பப் பிடித்தார்கள், ஃபவுலுக்குக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோ எவ்வளவு சம்பாதித்தார்கள். ஆட்டத்தின் முக்கால்வாசிக் கதை இந்த நான்கிலேயே வந்துவிடும். இந்த ஆட்டத்தில் என்ன வேடிக்கை என்றால், தோற்ற கோல்டன் ஸ்டேட்தான் ஷாட்டில் தேவலை! 83 ஷாட்டில் 32 உள்ளே, அதில் 15 த்ரீ, அதாவது தூரத்திலிருந்து போடும் மூன்று பாயின்ட் ஷாட். கிளீவ்லாந்து 82 ஷாட்டில் 33, த்ரீ வெறும் 6. த்ரீக்கு ஒன்றரை மடங்கு மதிப்பு கொடுத்துக் கணக்குப் போட்டால் கோல்டன் ஸ்டேட் 47.6 சதவீதம், கிளீவ்லாந்து 43.9. அப்புறம் எப்படித் தோற்றார்கள்? ஃப்ரீ த்ரோவைப் பாருங்கள், கிளீவ்லாந்து ஃப்ரீ த்ரோவில் 21 பாயின்ட் எடுத்திருக்கிறது, கோல்டன் ஸ்டேட் 10. நான்கு பாயின்டில் முடிந்த ஆட்டத்தில் இந்தப் பதினொன்று எவ்வளவு பெரிசு! கடைசி நிமிடங்களின் அந்த பிளாக் (ஷாட்டைத் தட்டிவிட்டது), அந்த த்ரீ என்று ஹைலைட்ஸையே போட்டுப் போட்டுப் பார்ப்பவர்கள் இதைப் பேசி நான் கேட்டதில்லை.

கீழே ஆட்டக்காரர்களின் அட்டவணை. கிளீவ்லாந்தின் லெப்ரான் ஜேம்ஸ் 27 பாயின்ட், 11 ரீபவுண்டு (தவறிய ஷாட்டைப் பிடித்தது), 11 அசிஸ்ட் (உள்ளே போன ஷாட்டுக்குப் பந்து கொடுத்தது), கேட்கவே கம்பீரமாக இருக்கும். ஆனால் அதே வரியில் 24 ஷாட்டில் 9 என்று இருக்கும். தோற்ற டீமில் டிரேமண்ட் கிரீன் 32 பாயின்ட், 15 ரீபவுண்டு, 9 அசிஸ்ட், எட்டு த்ரீ போட்டு அதில் ஆறு உள்ளே. அன்று அந்த டீமைத் தூக்கிச் சுமந்தது அவர்தான். கூட ஆடிய கரி 19 ஷாட்டில் 6, கிளே தாம்ப்சன் 17ல் 6, பாவம் கிரீன் என்ன செய்வார்.

இனி ப்ளஸ் மைனஸ் என்கிற பத்தி, ஒருவர் களத்தில் இருந்த நேரத்தில் டீம் எத்தனை பாயின்ட் முன்னே அல்லது பின்னே போனது என்கிற கணக்கு அது. கிளீவ்லாந்தின் கெவின் லவ் +19 என்று இருக்கும். எடுத்தது 9 பாயின்ட்தான், கூட 14 ரீபவுண்டு. டீம் நான்கு பாயின்டில் ஜெயித்திருக்கிறது, அப்படியென்றால் அவர் பெஞ்சில் இருந்த நேரத்தில் 15 பாயின்ட் பின்தங்கியிருக்கிறது என்று அர்த்தம். சுவாரசியமான தகவல்தான், ஆனால் ஒரே ஒரு ஆட்டத்தின் ப்ளஸ் மைனஸை வைத்து யாரையும் ஹீரோவாக்கவும் கூடாது, திட்டவும் கூடாது. கூட யார் ஆடினார்கள், எதிரில் யார் இருந்தார்கள் என்பதெல்லாம் அதில் கலந்துவிடும். அட்வான்ஸ்டு அட்டவணையில் இருக்கிற டிஃபென்சிவ் ரேட்டிங் (தடுப்பாட்டத்துக்கான எண்) இன்னும் மோசம். பெரும்பாலும் டீமின் மொத்தக் கணக்கை வைத்துப் போடுவதால் ஒரே டீம் ஆட்களுக்கு எண்கள் ரொம்பப் பக்கத்தில் பக்கத்தில் வரும், யார் நன்றாகத் தடுத்தார் என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. நான் அந்தப் பத்தியைப் பார்ப்பதே இல்லை.

ஆட்டத்தை வரி வரியாகப் பதிவு செய்கிற பிளே-பை-பிளே பக்கம் தனி ரகம். ஸ்கோர் 89-89 என்று அப்படியே நிற்க, ஒரு வரியில் கோல்டன் ஸ்டேட்டின் இகுவடாலா லே-அப் (கூடைக்குப் பக்கத்தில் போடும் ஷாட்) தவறியது, லெப்ரான் பிளாக், அவ்வளவுதான். கடைசி 4 நிமிடம் 39 விநாடி கோல்டன் ஸ்டேட்டுக்கு ஒரு பாயின்ட்கூட இல்லை என்பது அந்தப் பக்கத்தைக் கீழே இழுக்கும்போதுதான் உறைக்கும். ஆனால் கடைசி நிமிடத்தில் லவ் கரியை விடாமல் ஒட்டிக்கொண்டு தடுத்தாரே, அது அங்கே கரி தவறவிட்ட ஒரு த்ரீயாக மட்டும் பதிவாகியிருக்கும், லவ் பெயரே வராது. இப்படிப்பட்ட இடங்களுக்கு என்பிஏ தளம்தான் சரி, எண்ணைத் தொட்டால் வீடியோவே வரும், கேமரா வைத்து எடுத்த டிராக்கிங் விவரங்களும் அங்கேதான்.

எனக்கு மிகவும் பிடித்தது குவார்ட்டர் பட்டன், அமுக்கினால் அந்தக் குவார்ட்டரின் எண்கள் மட்டும் வரும். அட்டவணைக்கு மேலேயே இருக்கும், 1996-97க்கு அப்புறமான ஆட்டங்களுக்கு வேலை செய்யும். 2006 ஜனவரி 22, டொராண்டோவுக்கு எதிராக கோபி பிரயன்ட் 81 பாயின்ட் எடுத்த ஆட்டத்தில் அமுக்கிப் பாருங்கள், நான்கு குவார்ட்டரில் அவர் எடுத்தது: 14, 12, 27, 28. பாதி ஆட்டத்தில் அவருடைய டீமான லேக்கர்ஸ் 49-63 என்று பின்னால் கிடந்தது. அந்தப் பட்டன் இல்லையென்றால் 81 என்பது வெறும் ஒரு பெரிய எண், அவ்வளவுதான்.

பழைய காலத்துக்குப் போகப் போக அட்டவணை ஓட்டை ஓட்டையாகும். 1962 மார்ச் 2, ஹெர்ஷியில் வில்ட் சேம்பர்லேன் 100 பாயின்ட் எடுத்த ஆட்டத்தில் அவர் போட்ட ஷாட் 63, உள்ளே போனது 36, ஃப்ரீ த்ரோ 32க்கு 28 என்பதெல்லாம் பதிவில் உண்டு, ஸ்டீலும் (பந்தைப் பறித்தது) பிளாக்கும் கிடையாது. தளத்தின் குறை இல்லை இது, லீக் அவற்றை எண்ணவே தொடங்கியது 1973-74 சீசனில்தான். த்ரீ பாயின்ட் கோடு 1979-80ல் வந்தது.

குறை சொல்ல வேண்டுமென்றால் போன். இவ்வளவு அகலமான அட்டவணையைச் சின்ன ஸ்கிரீனில் விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பது எரிச்சல்தான், இடையில் விளம்பரமும் வரும். லேப்டாப்பில் திறந்தால் பிரச்சினை இல்லை, பத்தித் தலைப்பின் மேல் மவுஸை வைத்தால் அது என்ன கணக்கு என்ற விளக்கமும் வரும், எக்செல்லுக்கு இறக்கிக்கொள்ளவும் வழி இருக்கிறது. ஆட்டக்காரர் பக்கங்களும் உண்டு. இந்திய வம்சாவளியில் முதலில் என்பிஏவில் ஆடிய சிம் புல்லருக்கும் இருக்கிறது, 2014-15ல் சாக்ரமென்டோவுக்கு 3 ஆட்டம், மொத்தம் 2 பாயின்ட்.

'இத்தனை பாயின்டும் இத்தனை அசிஸ்டும் சேர்ந்து எடுத்தவர்கள் யார் யார்' என்று வடிகட்டித் தேட ஸ்டாட்ஹெட் என்று ஒன்று தனியாக இருக்கிறது, அதை முழுசாகப் பயன்படுத்தச் சந்தா கட்ட வேண்டும். எழுதுகிறவர்கள், ஃபேன்டசி ஆடுகிறவர்கள் வேண்டுமானால் கட்டிப் பாருங்கள். நேற்றைய ஆட்டத்தில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளத்தான் என்றால் இலவசப் பக்கமே தாராளம்.