நேரலையை ஞாபகப்படுத்த எது சரி: வாட்ஸ்அப்பா, எஸ்எம்எஸ்ஸா, வாலட் பாஸா?

கிருஷ்ணகிரி பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர்களுக்காக ஞாயிறு இரவு 8 மணிக்கு ஒரு நேரலை நடத்துகிறோம். கவாத்து, பூக்கும் நேரத்து மருந்து, தத்துப்பூச்சி என்று பேச்சு போகும். பேசுவது சுலபம், ஆளைக் கொண்டுவந்து உட்கார வைப்பதுதான் பெரும்பாடு. பெயர் கொடுத்தவர்களில் பலர் மறுநாள் "அண்ணா, மறந்தே போச்சு" என்பார்கள்.

வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் கைக்குப் பழகியது. ஒரு பட்டியலில் 256 பேர். ஆனால் நம் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்தவருக்கு மட்டும்தான் செய்தி போய்ச் சேரும். புதிதாகப் பெயர் கொடுத்தவர் எங்கே சேமிக்கப் போகிறார்?

எஸ்எம்எஸ் பட்டன் போனுக்கும் போகும். மொத்தமாக அனுப்ப வேண்டுமானால் டிஎல்டி பதிவு (மொத்த எஸ்எம்எஸ் அனுப்புவோர் கட்டாயம் செய்ய வேண்டிய பதிவு), வாசகத்துக்கு முன் அனுமதி, லிங்க்குக்குத் தனிப் பதிவு. வாரம் ஒரு நேரலைக்கு இவ்வளவு அலைச்சல் தேவையா?

வாலட் பாஸுக்கு வருவோம். ஐபோனில் ஆப்பிள் வாலட், ஆண்ட்ராய்டில் கூகுள் வாலட் என்ற செயலிக்குள் வைத்துக்கொள்ளும் டிஜிட்டல் அனுமதிச் சீட்டு இது. பதிவுப் பக்கத்தில் ஒரு பட்டனைத் தட்டினால் பாஸ் போனுக்குள் போய்விடும். ஐபோனில், குறித்த நேரம் நெருங்கும்போது பூட்டிய திரையிலேயே வந்து நிற்கும். எனக்குப் பிடித்தது வேறு. கரண்ட் போய் 9 மணிக்குத் தள்ளிவைத்தோம் என்று வையுங்கள், சர்வரில் ஒருமுறை மாற்றினால் போதும். எல்லோர் பாஸிலும் நேரம் மாறி, அறிவிப்பும் போகும். யாருடைய போன் நம்பரும் நமக்கு வேண்டாம். கூகுள் வாலட்டில் ஒரு பாஸுக்கு 24 மணி நேரத்தில் 3 அறிவிப்புக்கு மேல் அனுப்ப முடியாது. அதுவும் நல்லதுதான், எங்கள் கை சும்மா இருக்காது.

குறையும் உண்டு. இது கேட்டில் காட்டி உள்ளே போகப் பிறந்த சமாச்சாரம். நேரலைக்கு ஏது கேட்? ஐபோன் பாஸில் லிங்க் பெரும்பாலும் பின்பக்கத்தில் இருக்கும், திருப்பித்தான் தட்ட வேண்டும். வாட்ஸ்அப்பில் ஒரே தட்டு. கூகுள் வாலட் இந்தியாவுக்கு வந்ததே 2024 மே மாதம்தான். "அதான் ஜிபே இருக்கே" என்பவரிடம் இது பணம் கட்ட இல்லை என்று விளக்கவே அரை மணி நேரம் ஆகிறது. கூகுள் பக்கம் கட்டணம் கிடையாது. ஆப்பிளுக்கு டெவலப்பர் கணக்கு வேண்டும், வருடத்துக்கு 99 டாலர்.

அதனால் ஆறு வாரம் தொடரும் கட்டண வகுப்புக்குப் பாஸ், ஒருநாள் இலவச நேரலைக்கு வாட்ஸ்அப் என்று வைத்துக்கொண்டோம். காவேரிப்பட்டணத்துப் பெரியவர் ஒருவரிடம் இருப்பது பட்டன் போன். அவருக்கு 7.45க்கு நானே கூப்பிட்டுவிடுவேன், பேரன் போனில் பார்த்துக்கொள்வார்.