ஆப்டோமெட்ரி படிக்க: கல்விக் கடனா, நகைக் கடனா?

கண் பார்வையைப் பரிசோதித்துக் கண்ணாடி எழுதித் தரும் ஆப்டோமெட்ரிக்கான பட்டம் பி.ஆப்டம், நான்கு வருடப் படிப்பு. கடைசி வருடம் இன்டர்ன்ஷிப். சம்பளம் வர இத்தனை நாள் ஆகும் என்பதுதான் இங்கே முக்கியம்.

நகைக் கடன் சுலபம். வளையலைத் தராசில் வைத்தால் அன்றைக்கே பணம், அதிகம் கேள்வி இல்லை. ஆனால் பெரும்பாலும் ஒரு வருடக் கெடு. வருடாவருடம் வட்டியைக் கட்டித் திருப்பி வைக்க வேண்டும். படிக்கும் உங்கள் பெண் அப்போதுதான் ரெட்டினோஸ்கோப் (கண் பவரைப் பார்க்கும் கருவி) பிடிக்கவே பழகிக்கொண்டிருப்பாள். தவறினால் நகை ஏலத்துக்குப் போகும்.

கல்விக் கடனுக்கு அலைச்சல் அதிகம். சேர்க்கைக் கடிதம், கட்டண விவரம், வருமானச் சான்று, அப்புறம் "மேனேஜர் லீவு, நாளைக்கு வாங்க". ஆனாலும் இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி 4 லட்சம் வரை அடமானமும் வேண்டாம், கைக்காசும் போட வேண்டாம். 7.5 லட்சம் வரைகூடச் சொத்து அடமானம் கேட்பதில்லை. தவணை, படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத்தான். அதுவரை வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். முடிந்தவர்கள் அதை மட்டுமாவது மாதாமாதம் கட்டிவிடுங்கள். பழைய வருமான வரிமுறையில் இருப்பவர்களுக்கு வட்டிக்கு 8 வருடம் வரை கழிவும் உண்டு.

நான் கல்விக் கடன் பக்கம். வங்கி இழுத்தடித்தால் முதல் செமஸ்டருக்கு மட்டும் நகையை வைக்கலாம். சரி, கட்டணம் கட்டிய ரசீதைத் தொலைக்காதீர்கள், வங்கியில் கேட்பார்கள்.