ஆப்ளிக் ஸ்ட்ராட்டஜீஸ்: எழுத்து முடங்கும் நேரத்துக்கு ஒரு சீட்டுக்கட்டு

இசைக்கலைஞர் பிரையன் ஈனோவும் ஓவியர் பீட்டர் ஷ்மிட்டும் சேர்ந்து 1975இல் வெளியிட்ட இந்தச் சீட்டுக்கட்டில், ஆளுக்கொரு சிறு யோசனை எழுதிய நூற்றுக்கும் மேற்பட்ட அட்டைகள் உள்ளன. வேலை நின்றுபோகும்போது ஒன்றை உருவி, அதன் பொருத்தம் விளங்காவிட்டாலும் அதன்படி நடக்க வேண்டும் என்பதே விதி. ஆங்கிலேயப் பாடகர் டேவிட் போவியின் 1970களின் பிற்பகுதி இசைப்பதிவுகளில் இது பயன்பட்டது பலரும் அறிந்ததே.

ஒலிப்பதிவுக் கூடத்தின் வாடை வீசும் சில அட்டைகளால் எழுதுபவருக்குப் பயனில்லை. ஆனால், அடுத்த வரியைப் பல விதமாக யோசித்து எதையும் தேர்ந்தெடுக்க முடியாமல் உறைந்து நிற்பவருக்கு, தேர்வின் பாரத்தைச் சற்று நேரம் வேறொன்றின் தலையில் ஏற்றிவிடும் வசதி உண்மையிலேயே பெரிது. ஓர் அட்டை பாத்திரம் கழுவச் சொல்கிறது (நம் வீடுகளில் இது இலவசமாகவே கிடைக்கும் ஆலோசனை). கை வேலையில் இருக்கையில் மனம் இளகுவதால் அதுவும் பலிக்கிறது.

எழுதப்போகும் பொருளைப் பற்றிப் போதிய வாசிப்பில்லாமல் திணறுபவருக்கு எந்த அட்டையும் உதவாது. வாசகங்கள் ஆங்கிலத்தில்தான் உள்ளன, விலையும் அதிகம். நாவல் போன்ற நெடும்பணியில் இருப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். அன்றாடம் கெடுவுக்குள் செய்தி எழுதுபவர்களுக்கு இது அவசியமில்லை.