படகுக் கொட்டகைக்கு அகச்சிவப்புத் தீச்சுடர் உணரி: கருவிக்கு நிறைந்த புள்ளி, பொருத்தியவர்களுக்குப் பாதி

யாழ்ப்பாணக் கடலோரத்தில் நாங்கள் நடத்தும் பைபர்கிளாஸ் படகு கட்டும் கொட்டகையில், மும்மை அகச்சிவப்பு வகையைச் சேர்ந்த தொழிற்சாலைத் தீச்சுடர் உணரிகள் இரண்டைப் பொருத்தினோம். சோளகக் காற்றின் புழுதியையும் மாரியின் ஈரத்தையும் அவை கண்டுவிட்டதால், இப்போது அவற்றைப் பற்றி எழுதலாம். கருவியைத் தயாரித்த நிறுவனத்தின் பெயரையும் பொருத்தித் தந்த நிறுவனத்தின் பெயரையும் தவிர்க்கிறேன். இந்த வகுப்பில் சந்தையில் கிடைக்கும் கருவிகள் அடிப்படையில் ஒரே முறையில்தான் வேலை செய்கின்றன. பொருத்துபவர்கள் விடும் பிழைகளும் எங்கும் ஒரே மாதிரியானவை. வடக்கில் பெயின்ற் களஞ்சியமோ, எரிபொருள் தாங்கியோ, வடிசாலையோ, பெரிய ஜெனரேற்றர் அறையோ வைத்திருப்பவர்களுக்குப் பெயர்களை விட இந்த விவரங்களே உதவும்.

இந்தச் செலவுக்கு ஏன் துணிந்தோம் என்பதை முதலில் சொல்ல வேண்டும். பைபர்கிளாஸ் வேலைக்குப் பயன்படும் பொலியெஸ்டர் ரெசினில் ஸ்டைரீன் இருக்கிறது. ஒரு பொறி பட்டாலே பற்றக்கூடிய அளவுக்கு அது ஆவியை விடத் தொடங்கும் வெப்பநிலை ஏறத்தாழ 31 பாகை செல்சியஸ். சித்திரை, வைகாசி மாதங்களில் யாழ்ப்பாணத்தின் நண்பகல் வெயில் இதைச் சாதாரணமாகத் தாண்டும். தூரிகை கழுவும் அசற்றோனோ பூச்சியத்துக்குக் கீழேயே பற்றக்கூடிய ஆவியை விடுவது. இவற்றுடன், ரெசினை இறுகச் செய்யச் சேர்க்கும் பெரொக்சைட்டு ஒன்று, மிச்சக் கலவையோடு வாளியில் கிடந்தால் தானாகவே சூடேறும். இவ்வளவும் இருக்கும் இடத்தில், இரு பக்கமும் திறந்த உயரமான தகரக் கூரையின் கீழ், சாதாரண புகை உணரி எதற்கும் உதவாது. காற்று புகையைக் கூரைக்குப் போகவிடாமல் பக்கவாட்டில் இழுத்துச் சென்றுவிடும். கொட்டகை பாதி எரிந்த பிறகுதான் அது சத்தமிடும்.

விலை கேட்டபோது, புறஊதாவும் அகச்சிவப்பும் கலந்த இருவகை உணரியையே விற்பனையாளர் முதலில் முன்வைத்தார். விலை சற்றுக் குறைவு என்பது உண்மை. ஆனால் ஸ்டைரீன் போன்ற கரிம ஆவிகள் புறஊதாக் கதிரை உறிஞ்சுபவை. ஆவி தேங்கிய கொட்டகையில் அந்தக் கருவியின் ஒரு கண் மங்கியே இருக்கும். பக்கத்துப் பட்டறையில் டிரெயிலர்களுக்கு நாள் முழுவதும் வெல்டிங் நடக்கிறது. வெல்டிங் பொறியோ புறஊதா உணரியைத் தூண்டுவதில் பேர்போனது. இதைச் சொன்னதும் அவர் மறுப்பின்றி மும்மை அகச்சிவப்பு வகைக்கு மாறினார். ஒரு கருவி ஒரு நல்ல அவுட்போர்ட் எஞ்சினின் விலைக்குக் கிட்ட வந்துவிட்டது. காப்புறுதி நிறுவனமும் கேட்டுக்கொண்டிருந்ததால் ஒத்துக்கொண்டோம்.

இது வேலை செய்யும் முறை எளிமையானது. காபன் கலந்த எதுவும் எரியும்போது உருவாகும் சூடான காபனீரொட்சைட்டு, 4.3 முதல் 4.4 மைக்குரோமீற்றர் வரையான அலைநீளத்தில் வலுவாகக் கதிர்வீசும். வளிமண்டலத்திலுள்ள அதே வாயு, சூரிய ஒளியில் அந்தப் பகுதியைப் பெருமளவு உறிஞ்சிவிடுவதால், வெயில் இந்த உணரியை எளிதில் ஏமாற்றாது. கருவி இந்த அலைநீளத்தை ஒரு கண்ணாலும், அதன் இரு பக்கத்து அலைநீளங்களை மற்ற இரண்டு கண்களாலும் பார்த்து, மூன்றையும் ஒப்பிடுகிறது. கூடவே சுடருக்கே உரிய துடிப்பு, அதாவது விநாடிக்கு ஒன்றிலிருந்து பத்து வரையான அசைவு, இருக்கிறதா என்றும் கவனிக்கிறது. மாரிக்காலத்தில் ரெசின் இறுகத் தாமதமாகும்போது நாங்கள் ஹலஜன் விளக்குகளை எரிய வைத்து, எதிரே காற்றாடியும் சுழல விடுவதுண்டு. சூடான பொருளுக்கு முன்னால் சுழலும் இறக்கை, ஒற்றைக் கண் உணரிக்குச் சுடர் போலவே தோன்றும். எங்கள் கருவி அந்த விளக்குகளுக்கு ஒருமுறைகூட அலாரம் எழுப்பவில்லை, வெல்டிங்குக்கும் அசையவில்லை. இந்த வகையில் கருவிமீது எனக்கு ஒரு குறையும் இல்லை. ஐதரசன் போன்ற காபனில்லாத சுடரை இந்த வகை காணாது என்பதை மட்டும் அத்தகைய வாயு பாவிப்பவர்கள் மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

பொருத்த வந்தவர்களின் தூண் வேலை நன்றாகவே இருந்தது. அதிரும் கூரை மரத்தில் அல்லாமல் கொங்கிறீற்றுத் தூணில், ஐந்து மீற்றர் உயரத்தில், லென்ஸ் சற்றுக் கீழ்நோக்கிச் சரியும்படி நிறுத்தினார்கள். கீழ்நோக்கினால் தூசியும் மழைநீரும் லென்ஸில் தங்காது. கேபிள் கருவியின் அடிப்பக்கமாக நுழைந்தது. நுழையும் முன் ஒரு வளைவு தொங்கவிடப்பட்டிருந்ததால் நீர் அதிலேயே சொட்டி விழுந்துவிடும். கருவியின் உடல் துருப்பிடிக்காத உருக்கு. ஆனால் அதைத் தாங்கும் கைக்கு அவர்கள் போட்டது நாகம் பூசிய ஆணிகள். உப்புக்காற்றில் அவை சிவந்து வழிய அதிக காலம் எடுக்கவில்லை. கடலோரத்தில் இருப்பவர்கள் ஆணி, வொஷர் வரைக்கும் 316 வகை உருக்கு என்று விலைப்பட்டியலிலேயே எழுதி வாங்குவது நல்லது.

அசற்றோன் பீப்பாய்கள் இருக்கும் சிறிய அறைக்கு வேறு கருவி தேவையில்லை, கொட்டகையில் இருப்பதே ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொள்ளும் என்று அவர்களில் ஒருவர் உறுதியாகச் சொன்னார். சாதாரண ஜன்னல் கண்ணாடி இந்த அலைநீளத்தைப் பெருமளவு தடுத்துவிடும். அதனால்தான் இந்த உணரிகளின் சொந்த முகப்பிலேயே நீலக்கல் போன்ற வேறு பொருளைப் பயன்படுத்துகிறார்கள். மனிதக் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் கருவிக்கும் தெரியும் என்று நினைப்பவர் இந்தத் தொழிலில் இருப்பது வியப்பாகவே இருந்தது. அந்த அறையின் ஜன்னலைக் கழற்றிக் கம்பி வலை அடித்தோம்.

கேபிள் விடயத்தில் முதல் விலைப்பட்டியலில் இருந்தது தொலைபேசி வயர் போன்ற மெல்லியது. கட்டுப்பாட்டுப் பலகையிலிருந்து உணரிகள் வரை ஏறத்தாழ நூறு மீற்றர். 0.2 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பியில் அந்தத் தூரம் போய்வரத் தடை 17 ஓமுக்கு மேல். லென்ஸைச் சூடாக்கும் உள்வெப்பியும் சேர்ந்து இரண்டு கருவிகளும் 0.3 அம்பியர் இழுத்தால் ஐந்து வோல்ற்றுக்கு மேல் வழியிலேயே தொலைந்துவிடும். மின்சாரம் போய், மின்கலம் 21 வோல்ற்றுக்கு இறங்கிய இரவில் கருவிக்குப் போய்ச் சேர்வது 16 வோல்ற்றுக்கும் குறைவு. கருவி கேட்பதோ ஆகக் குறைந்தது 18. இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டியதும் மறுப்பின்றி 1.5 சதுர மில்லிமீற்றர் கவசக் கேபிளுக்கு மாற்றினார்கள். கவசத்தைப் பலகைப் பக்கத்தில் மட்டும் புவித்தொடுப்புச் செய்ததையும் பாராட்ட வேண்டும்.

ஆனால் வயர்த் தொடரின் முடிவில் வர வேண்டிய தடையியை (மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் சிறு பாகம்) அவர்கள் பலகைக்குள்ளேயே பொருத்திவிட்டார்கள். கேட்பதற்குச் சிறிய பிழை, விளைவு பெரியது. அந்தத் தடையி கடைசி உணரியின் முனையில் இருந்தால்தான், இடையில் எங்கே வயர் அறுந்தாலும் பலகை அதைப் பிழையென்று காட்டும். பலகைக்குள் இருந்தால், எலி கேபிளை முழுதாகக் கடித்துத் துண்டித்தாலும் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். இதைக் கண்டுபிடிக்கப் பொறியியல் படித்திருக்கத் தேவையில்லை. ஏற்றுக்கொள்ளும் நாளில், கடைசி உணரியின் பெட்டியைத் திறந்து ஒரு வயரைக் கழற்றச் சொல்லுங்கள். பலகையில் மஞ்சள் விளக்கு எரியவில்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள். எங்களிடம் எரியவில்லை. அன்று மாலையே திருத்தித் தந்தார்கள்.

இனி, உண்மையான குறை. இந்தக் கருவிகளில் உணர்திறன், தாமதம், அலாரம் பூட்டிக்கொள்வதா தானே விடுபடுவதா, உள்வெப்பி எப்போது இயங்குவது என்பவற்றையெல்லாம் கணினியை இணைத்து மாற்றலாம். வந்தவர்கள் உணர்திறனை ஆகக் கூடிய அளவிலும், தாமதத்தைப் பூச்சியத்திலும் வைத்துவிட்டுப் போனார்கள். கூடுதலாக வைத்தால் கூடுதல் பாதுகாப்பு என்பது அவர்கள் விளக்கம். ஆகக் கூடிய அளவு என்பது, 0.1 சதுர மீற்றர் தட்டில் எரியும் ஹெப்டேன் என்ற திரவ எரிபொருளை 60 மீற்றருக்கு அப்பாலிருந்தும் காண்பது. எங்கள் கொட்டகையோ 30 மீற்றருக்குச் சற்றுக் குறைந்தது. அதன் பெரிய வாசல் ஒழுங்கையைப் பார்த்தது. ஒழுங்கையில் அயலவர்கள் பின்னேரங்களில் காய்ந்த பனையோலையையும் குப்பையையும் கூட்டி எரிப்பார்கள். ஒரு நாள் நாலு மணிக்குப் பின் சைரன் அலற, ரெசின் வாளியை அப்படியே விட்டுவிட்டு எல்லோரும் வெளியே ஓட, படலைக்கு வெளியே ஒரு முதியவர் கம்பால் ஓலைக் குவியலைக் கிளறிக்கொண்டு எங்களை விநோதமாகப் பார்த்தார். கருவியைக் குற்றம் சொல்ல முடியாது. அது கண்டது உண்மையான சுடரைத்தான்.

தொலைபேசியில் முறையிட்டபோது, தாமதத்தை 10 விநாடியாக்கினால் சரியாகிவிடும் என்றார்கள். பொரிந்து மறையும் சிறு தீக்கு அது உதவும். கால் மணி நேரம் எரியும் ஓலைக் குவியலுக்கு எப்படி உதவும்? உணர்திறனைக் குறைப்பதும் பாதித் தீர்வே. தூரம் இரு மடங்கானால் கதிர் நாலில் ஒன்றாகிறது என்பதால், 30 மீற்றருக்கு அமைத்த கருவி 50 மீற்றரில் ஏறத்தாழ 0.28 சதுர மீற்றர்த் தீயைக் காணும். ஓலைக் குவியல் அதைவிடப் பெரியது. எனவே பார்க்கும் திசையே மாற வேண்டியிருந்தது. முதல் கருவியைக் கழற்றி, வாசல் இருக்கும் சுவரிலேயே, வாசலுக்கு முதுகைக் காட்டியபடி உள்நோக்கிப் பொருத்தி, 30 மீற்றருக்கு அமைத்தோம். மற்றையது எதிர்மூலையிலேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கவிழ்த்து வைத்த படகு அச்சுக்குப் பின்னால் பற்றும் தீயை ஒன்றும் காணாது. அதற்கு வாசல் பக்கத்தை மறைக்கும் உலோகத் தகடு ஒன்றைப் பூட்டி, தனக்கு அண்மையிலுள்ள பாதியை மட்டும் காவல் செய்யும்படி 15 மீற்றருக்குக் குறைத்தோம். தாமதம் இரண்டிலும் 5 விநாடி. அதன்பின் ஒழுங்கையில் எத்தனை குவியல் எரிந்தும் சைரன் வாய் திறக்கவில்லை. தொடக்கத்திலேயே ஒருவர் தாளில் கொட்டகையின் வரைபடத்தைப் போட்டு, ஒவ்வொரு கருவியின் பார்வைக் கூம்பையும் கோடிட்டிருந்தால் இரண்டாம் தடவை சாரம் கட்டி ஏற வேண்டி வந்திராது. அந்தச் செலவை யார் ஏற்பது என்பதில் இன்னும் எங்களுக்குள் இணக்கம் இல்லை.

பரிசோதனைக்கு வந்தவரிடம், சுடரைப் போலக் கதிர்வீசிக் கருவியைச் சோதிக்கும் போலி விளக்கு இல்லை. அதற்குப் பதிலாக ஒரு கட்டி கற்பூரத்தைக் கொளுத்திக் காட்டுகிறேன் என்றார். புதுப் படகு கடலில் இறங்கும் நாளில் முன்னணியத்தில் கற்பூரம் கொளுத்துவது எங்கள் வழக்கம்தான். ஆனால் அது வெட்டவெளியில். ஸ்டைரீன் மணக்கும் கொட்டகைக்குள் தீக்குச்சி உரசுவதைப் பாதுகாப்புப் பரிசோதனை என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. பிறகு அதே தயாரிப்பாளரின் போலி விளக்கைக் கொழும்பிலிருந்து தருவித்தார்கள். ஒவ்வொரு தயாரிப்புக்கும் அதற்குரிய விளக்கே வேண்டும்; வேறொன்றின் விளக்குக்கு அசையாத கருவி பழுதானது என்று முடிவுகட்ட முடியாது. விளக்கைக் காட்டும்போது மல்ரிமீற்றரை வைத்துப் பார்த்தோம். 4 மில்லிஅம்பியரில் அமைதியாக நின்ற கருவியின் சமிக்ஞை மின்னோட்டம் 20க்குத் தாவியது. பலகையில் சிவப்பு எரிந்தது. காற்றோட்ட விசிறிகள் நின்றன.

பராமரிப்பில் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. படகின் மேற்பூச்சைத் துப்பாக்கியால் தெளிக்கும்போது அதன் நுண்துளிகள் லென்ஸில் படிந்து இறுகும். கருவி தன் லென்ஸைத் தானே சோதித்துக்கொள்ளும் வசதி உடையது. ஒரு தெளிப்பு வேலைக்குப் பின் ஓட்டம் 2 மில்லிஅம்பியருக்கு இறங்கி, பார்வை மறைந்துவிட்டது என்று சரியாகவே முறையிட்டது. இப்போது தெளிக்கும் நாளில் வேலை முடிந்ததும், பூச்சு இறுகும் முன், மெல்லிய துணியால் சவர்க்கார நீர் கொண்டு துடைக்கிறோம். பையன்கள் கைக்கெட்டிய அசற்றோனை எடுப்பதைத் தடுக்க வேண்டியிருக்கிறது. முகப்பைச் சுற்றியுள்ள இறப்பர் வளையத்தை அது கெடுத்துவிடக்கூடும்.

கருவியை மீண்டும் வாங்குவேன். பொருத்திய நிறுவனத்தைக் கேபிளும் தூணும் சார்ந்த வேலைக்கு அழைப்பேன். அமைப்பு வேலைக்கு அழைப்பதானால், பார்வைக் கூம்பு வரைபடம், போலி விளக்கு, அமைத்த எண்கள் முழுவதும் அடங்கிய கையொப்பமிட்ட தாள், மென்பொருளின் கடவுச்சொல் ஆகிய நான்கும் கையில் கிடைக்கும் வரை கடைசித் தவணைப் பணத்தை வைத்துக்கொள்வேன். கடவுச்சொல்லை எங்களுக்கு இன்னும் தரவில்லை.